ஓட்டம் பற்றிச் சில நல்ல புத்தகங்கள்

விளையாட்டு விடுதி, ஆறாம் மாடி
12 மார்ச் 2006

அன்புள்ள மாமாவுக்கு,

ஜெபிவோட் எழுதுவது. நான் நலம் என்று முதல் வரியில் எழுதினால் அடுத்த வரியிலேயே பொய்யாகிவிடும், அதனால் உங்கள் நலத்தைக் கேட்டுவிடுகிறேன். நீங்கள் சுகமா? அம்மாவின் முதுகு தேவலையா? அங்கே மழை பிடித்துவிட்டதா? இந்த வளைகுடா ஊரில் மழை என்பது தொலைக்காட்சியில் வருவது.

வலது காலில், கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, எலும்பில் கீறல் விழுந்திருக்கிறது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். பென்சிலால் கோடு போட்டு உடனே அழித்த மாதிரி இருந்தது. அதற்குப் போய் ஓடவே கூடாது என்கிறார்.

அக்டோபரில் தேர்வு ஓட்டம். முதல் மூன்று பேரில் வந்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள், டிசம்பரில் வீட்டுக்கு வரவும் விடுவார்கள். வராவிட்டால் என்ன என்று கோச்சிடம் கேட்டேன். “வராம எப்படி? கென்யாக்காரிதானே நீ?” என்று சிரித்தார். நான் இனிமேல் கென்யாக்காரி இல்லை என்று போன வருடம் கையெழுத்து வாங்கியதும் இவர்தான்.

பகல் முழுக்கக் கட்டிலில் கிடக்கிறேன். ஓடத்தான் முடியாது, படிக்கவாவது செய்யலாம். உங்கள் கடையில் ஓட்டத்தைப் பற்றிய புத்தகங்கள் குவிந்து கிடக்குமே. நல்லதாக இரண்டு பார்த்து அனுப்புங்கள். உறையில் மட்டும் இங்கே எனக்கு வைத்த பெயரை, நூரா ஹாதி என்று எழுதுங்கள். ஜெபிவோட் என்று எழுதினால் காவலாளி அப்படி யாருமில்லை என்று திருப்பிவிடுவான்.

கால் விஷயம் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். அம்மாவைப் பொறுத்தவரை நான் டிசம்பரில் வருகிறேன்.

உங்கள் பதிலுக்காகக் காத்துக் கிடக்கும்
ஜெபிவோட்


இட்டென், மேகத்துக்கு ஒரு முழம் கீழே
2 ஏப்ரல் 2006

மூன்று கண்டங்களைக் காலால் மிரட்டிவிட்டுத் தற்சமயம் கட்டிலில் எழுந்தருளியிருக்கும் என் மருமகளுக்கு, கெரியோ பள்ளத்தாக்கின் இக்கரை முழுவதற்கும் ஒரே புத்தக வியாபாரியாகிய தாய்மாமன் கிமோசோப் வரைந்தது.

நான் நலம். என் அக்கா, அதாவது உன் அம்மா, நலம்; அவள் முதுகு மட்டும் தனிக் கட்சி நடத்துகிறது. மழை வந்தது. எப்படி வந்தது என்றால், தவளைகள் வரிசையில் நின்று என் கடையில் ஒதுங்க இடம் கேட்டன.

சரக்கு வரும் வழி நீ அறிந்ததுதான். ஓடக் கற்றுக்கொள்ள வரும் வெள்ளைக்காரர்கள் பெட்டி நிறையப் புத்தகத்தோடு வருகிறார்கள். ஒரு மாதம் நம் பிள்ளைகளின் பின்னால் ஓடிச் செம்மண்ணைத் தின்றுவிட்டு, ஊர் திரும்பும்போது விமானத்தில் எடை கூடும் என்று எல்லாவற்றையும் அறையிலேயே போட்டுவிடுகிறார்கள். அறை பெருக்கும் பெண்கள் அவற்றை என்னிடம் தள்ளுகிறார்கள். நான் அவற்றை அடுத்து வரும் வெள்ளைக்காரனுக்கு விற்கிறேன். ஒரே புத்தகத்தை ஏழு தடவை விற்ற பெருமை உலகத்தில் எனக்கு மட்டுமே உண்டு. ஓடத் தெரிந்தவன் எவனும் இன்றுவரை ஒன்றைக்கூடத் தொட்டுப் பார்த்ததில்லை. நீதான் முதல் ஆள். சரித்திரத்தில் இடம் பிடித்துவிட்டாய்.

இத்துடன் இரண்டு அனுப்புகிறேன். முதலாவது, ‘மலைமக்களின் மர்மம்’. நம் ஊரில் ஆறு வாரம் தங்கிய ஒரு பேராசிரியர் எழுதியது. நம் குழந்தைகள் தினமும் பத்து மைல் ஓடிப் பள்ளிக்கூடம் போவதால்தான் உலகத்தையே ஜெயிக்கிறார்களாம். உன் பள்ளிக்கூடம் நம் வேலிக்கு அந்தப் பக்கம். மணி அடித்த பிறகுதான் நீ பல்லே தேய்க்க ஆரம்பிப்பாய். போன வாரம் ஒரு டச்சுக்காரன் இதைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டான்.

“இதுல போட்டிருக்கிறது நிஜமா?”

“நிஜம்தான் சார். கொஞ்சம் குறைச்சுப் போட்டிருக்காங்க. எங்க அக்கா மக பள்ளிக்கூடம் உகாண்டாவுல. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு ஓடி வந்துட்டுப் போவா.”

அவன் அதை எழுதிக்கொண்டான். அடுத்த புத்தகத்தில் நீ வருவாய்.

இரண்டாவது, ‘எலும்பும் பொறுமையும்’. ஒரு டாக்டர் எழுதியது. நானூறு பக்கம், சொல்வது ஒன்றே ஒன்று: சும்மா இரு. அட்டை கெட்டி. படிக்கப் பிடிக்காவிட்டால் காலைத் தூக்கி வைத்துக்கொள்ள உயரம் சரியாக இருக்கும்.

அக்காவிடம் மூச்சு விடவில்லை. என் வாய் எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும். ஆனாலும் விடவில்லை.

கால் ஆறும்வரை கட்டிலை ஆள்க.
உன் மாமன் கிமோசோப்


விளையாட்டு விடுதி
21 மே 2006

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் உடம்புக்கும் கடைக்கும் ஒரு குறையும் இல்லையே? புத்தகங்கள் வந்து சேர்ந்தன. பேராசிரியரின் புத்தகத்தை மெசெரெத்துக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். மெசெரெத் என் அறையில் இருக்கும் எத்தியோப்பியப் பெண். இங்கே அவளுக்கும் வேறு பெயர். “எங்க பள்ளிக்கூடத்துக்கு நான் கழுதை மேல போனேன்டி. அப்போ கழுதையை இல்ல கூட்டிட்டு வந்திருக்கணும் இவங்க” என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தோம்.

டாக்டர் புத்தகத்தில் ஒரு பக்கம் படித்துவிட்டு மூடிவிட்டேன். ஆறுவதற்கு முன்னால் ஓடினால் எலும்பு என்ன ஆகும் என்று அதில் படம் போட்டிருக்கிறது. மாமா, அந்த மாதிரி வேண்டாம். எலும்பு உடைந்து, மறுபடி எழுந்து வந்து ஓடியவர்கள் யாராவது எழுதியது இருக்கிறதா?

இன்னொன்று. பாஸ்போர்ட்டைக் கொடுங்கள், ஒரு மாதம் வீட்டில் இருந்து காலை ஆற்றிக்கொண்டு வருகிறேன் என்று அலுவலகத்தில் கேட்டேன். பாஸ்போர்ட் அவர்களிடம்தான் இருக்குமாம். தேர்வுக்குப் பிறகு பேசலாமாம். கையெழுத்துப் போட்டபோது நான் பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை, மாமா. நம் ஊரில் சிறைத்துறை அணியில் ஓடுகிறவள் அடுத்த வருடம் காவல்துறைச் சட்டையில் ஓடுவதில்லையா? அதுபோலத்தான் என்று நினைத்தேன். பிடிக்காவிட்டால் பழைய சட்டையைப் போட்டுக்கொள்ளலாம் என்று.

நைரோபியில் குடியுரிமை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். நான் வீட்டுக்கு வர என்ன வேண்டும் என்று மட்டும்.

அம்மாவிடம் என் அன்பைச் சொல்லுங்கள். வேறெதுவும் சொல்ல வேண்டாம்.
ஜெபிவோட்


இட்டென்
18 ஜூன் 2006

கழுதையேறாமல் புகழடைந்த மருமகளுக்கு,

வீட்டில் அனைவரும் சுகம். சிவப்புப் பசு ஈன்றிருக்கிறது. கன்று பிறந்தவுடன் எழுந்து ஓடியதைப் பார்த்து இரண்டு பயிற்சியாளர்கள் அதைத் தங்கள் முகாமில் சேர்த்துக்கொள்ள வந்துவிட்டார்கள்.

நைரோபிக்குப் புத்தகம் வாங்கப் போகிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனேன். அந்த அலுவலகத்து வரிசையின் நீளத்தை எப்படிச் சொல்வேன்? எனக்கு முன்னால் நின்றவர் வரிசையில் சேர்ந்தபோது இளைஞராக இருந்திருக்க வேண்டும். கடைசியில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா.

“எந்த நாட்டுக் குடிமகள் அவங்க?”

“இட்டென்.”

“அது நாடு இல்ல, பெரியவரே.”

“ஒலிம்பிக்ஸ் நடக்கும்போது வந்து அதைச் சொல்லுங்க பாப்போம்.”

சிரிக்கவில்லை. பல்லில் ஏதோ கோளாறு போல. ஆனால் உன் பெயரைக் குறித்துக்கொண்டான், கோப்பு நகரும் என்றான். நகரட்டும். நம் ஊர்க் கோப்பு நத்தையோடு பந்தயம் வைத்தால் நத்தை பாதியில் தூங்கி எழுந்துகொள்ளும். ஆனாலும் நகரும்.

நீ கேட்ட புத்தகம் கிடைத்துவிட்டது! ‘மீண்டும் தொடக்கக் கோட்டில்’. பனி கொட்டும் ஏதோ ஒரு நாட்டுக்காரி எழுதியது. உனக்கு உடைந்த அதே எலும்பு, அதே கால். அழுகிறாள், கோச்சைத் திட்டுகிறாள், சாக்லேட் தின்று குண்டாகிறாள், பிறகு ஒருநாள் விடியலில் எழுந்து செருப்பில்லாமல் தெருமுனை வரை போகிறாள். அந்த இடத்தில் நான் அழுத கண்ணீரில் கடைக்குள் வெள்ளம். கடைசிச் சில பக்கங்கள் மட்டும் இல்லை. பக்கத்து மாவு மில்லில் மண்டாசிப் பணியாரம் சுட்டு விற்கிறாளே தப்சுபெய், அவள் கிழித்து மண்டாசி மடித்துக் கொடுத்துவிட்டாள். கேட்டால், “எண்ணெய் நல்லா உறிஞ்சுதுண்ணே” என்கிறாள். இலக்கியத்தின் பயனை இதைவிட யாரும் சுருக்கமாகச் சொன்னதில்லை.

மெதுவாகப் படி. மெதுவாக ஆறு.
உன் மாமன் கிமோசோப்


விளையாட்டு விடுதி
30 ஜூலை 2006

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள், அம்மா, ஓடப் பிறந்த அந்தக் கன்று எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

அந்தப் புத்தகத்தை மூன்று முறை படித்துவிட்டேன். தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது. அவள் ஆறு மாதத்தில் மறுபடியும் கோட்டில் வந்து நின்றுவிடுகிறாள், மாமா! கணக்குப் பார்த்தேன், அக்டோபர் வந்தால் எனக்கு ஆறு மாதத்துக்கு மேலேயே ஆகிவிடும். அவள் குளிரில் கிடந்தவள், நான் மலையில் வளர்ந்தவள்.

கடற்கரைச் சாலையில் விடியலில் மெதுவோட்டம் ஆரம்பித்துவிட்டேன். வலி இருக்கிறது, ஆனால் பேசிக்கொண்டே ஓடினால் மறந்துவிடுகிறது. கோச் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. தேர்வு நாளன்று ஓர் ஊசி போட்டால் வலியே தெரியாது என்கிறார். மெசெரெத்துக்குத்தான் கோபம். “வலி தெரியலன்னா கால் போறதும் தெரியாதுடி லூசு” என்று கத்துகிறாள். அவளுக்கு அந்தப் புத்தகத்தைக் கொடுத்தேன், படிக்க மாட்டேன் என்கிறாள்.

கடைசிப் பக்கங்களில் என்ன இருந்தது? அவள் ஜெயித்திருப்பாள்தானே? நீங்கள் படித்திருப்பீர்களே, நினைவிருந்தால் எழுதுங்கள்.

கோப்பு எதுவரை வந்தது?
ஜெபிவோட்


இட்டென்
20 ஆகஸ்ட் 2006

மருமகளே,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். உன் கடிதம் மதியம் வந்தது, இதை உடனே எழுதுகிறேன். தபால்காரனை மரத்தடியில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்திருக்கிறேன், மூன்றாவது கோப்பை ஓடுகிறது.

கடைசிப் பக்கங்களைப் பற்றிக் கேட்டாய். படித்துப் பல காலமாயிற்று. நினைவிருப்பது என்னவென்றால், கோட்டில் நின்றாளே, அது ஆறு மாதம் இல்லை, இரண்டு வருடம் கழித்து. அச்சில் தப்பு. அந்த நாட்டில் மாதம் நீளம். அவள் அவசரப்படவில்லை. நீயும் அவசரப்படாதே. அதற்குப் பதிலாக இந்தத் தடவை ‘நடையின் மகிமை’ என்று ஒரு புத்தகம் அனுப்புகிறேன். இதில் யாரும் எங்கும் ஓடவில்லை. ஒருவர் முந்நூறு பக்கம் நடக்கிறார், வழியில் டீ குடிக்கிறார், வீட்டுக்கு வந்துவிடுகிறார். மகத்தான நூல்.

கோப்பு பற்றி: இரண்டாம் முறை போய் வந்தேன். நம் சட்டத்தில் ஒருத்திக்கு இரண்டு நாடு கிடையாது. அவர்களுடையதை நீ எடுத்தபோதே நம்முடையது விழுந்துவிட்டதாம். ஆனால் விருந்தாளியாக வரலாம். அவர்கள் பாஸ்போர்ட்டில் நம் விசா குத்தினால் மூன்று மாதம். யோசித்துப் பார்: உன் வீட்டுக்கு நீ விருந்தாளி! விருந்தாளிக்கான பூப்போட்ட கோப்பையில் உனக்கு டீ. பாத்திரம் தேய்க்கச் சொன்னால், “நான் வெளிநாட்டவள்” என்று முறைக்கலாம்.

அதனால் பாஸ்போர்ட்டைக் கேள். கெஞ்சிக் கேள், அழுது கேள், என் பெயரைச் சொல்லிப் பயமுறுத்து. நொண்டிக்கொண்டே வந்துவிடு. இங்கே நொண்டிக்கொண்டு நடப்பதற்குப் பாதை நிறைய இருக்கிறது.

அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளாதே.

தபால்காரன் எழுந்துவிட்டான்.
மாமா


விளையாட்டு விடுதி
10 அக்டோபர் 2006

அன்புள்ள மாமாவுக்கு,

சுகமா? இரண்டு மாதமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. உடம்புக்கு ஏதுமில்லையே? எங்கள் தபாலை இப்போது கோச்சின் அலுவலகம்தான் பிரித்துக் கொடுக்கிறது. தேர்வு முடியும்வரை கவனம் சிதறக் கூடாதாம்.

சனிக்கிழமை ஓட்டம், ஐயாயிரம் மீட்டர். தெருமுனை வரை செருப்பில்லாமல் போகிற பக்கத்தை இன்று மறுபடியும் படித்தேன். டிசம்பருக்கு என் கட்டிலைத் தயாராக வைக்கச் சொல்லுங்கள்.

அவசரமாக,
ஜெபிவோட்


இட்டென்
2 நவம்பர் 2006

மருமகளே,

வீட்டில் குறைவில்லை. உன் கடிதம் வந்தது. என் ஆகஸ்ட் கடிதம் உனக்கு வரவில்லை என்று அதிலிருந்து தெரிந்தது.

சனிக்கிழமை போய் இன்னும் இரண்டு சனிக்கிழமை போய்விட்டது. வானொலியில் அந்த ஊர்ச் செய்தி ஒன்றும் வரவில்லை. முகாமில் இணையம் வைத்திருக்கும் டச்சுக்காரனிடம் முடிவைத் தேடச் சொன்னேன். பட்டியலில் நூரா ஹாதி என்ற பெயரே இல்லை என்றான். “வேற பேர்ல ஓடியிருப்பாங்களா?” என்று கேட்கிறான். எத்தனை பெயர்தான் இருக்கும் ஒருத்திக்கு?

அக்கா நேற்றும் கேட்டாள். “எழுதியிருக்காளா?” என்றாள். “ஓடிக்கிட்டே எப்படிக்கா எழுதுறது?” என்றேன். அவள் சிரிக்கவில்லை.

இந்தத் தடவை புத்தகம் எதுவும் அனுப்பவில்லை. ஒரு வரி போதும்.
மாமா


3 டிசம்பர் 2006

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் உயிரோடு இருக்கிறேன்.

ஊசி நன்றாக வேலை செய்தது. பாதித் தூரம் வரை முன்னால்தான் ஓடினேன். பிறகு சத்தம் கேட்டது. யாரோ பார்வையாளர் வரிசையில் நாற்காலியை உடைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இன்னும் சில எட்டு ஓடியிருக்கிறேன். மெசெரெத் தன் ஓட்டத்தை விட்டுவிட்டு என்னிடம் வந்தாள். அவளுடைய ஒப்பந்தமும் அதோடு போயிற்று, போன மாதம் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் பழைய பாஸ்போர்ட்டைத் துணிக்குள் தைத்து வைத்திருந்தாள். நான் என்னுடையதைக் கையெழுத்துப் போட்ட அன்றே கொடுத்துவிட்டேன்.

எலும்புக்குள் கம்பி வைத்திருக்கிறார்கள். ஓட்டம் இனி இல்லை. டாக்டர் அதைச் சொல்லும்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நூரா ஹாதி என்ற பாஸ்போர்ட்டை அலுவலகம் ரத்து செய்துவிட்டது. நாட்டுக்காக ஓடுவதற்குத்தான் கொடுத்தார்களாம். விடுதி அறையையும் காலி செய்தாயிற்று. மெசெரெத்தின் ஊர்க்காரி ஒருத்தி இங்கே ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். துணி தேய்க்கும் அறையில் படுக்க இடம் கொடுத்திருக்கிறாள், வீட்டுக்காரர்களுக்குத் தெரியாமல். முகவரி பின்பக்கம்.

ஆஸ்பத்திரியில் காலுக்குப் பயிற்சி தரும் அறையில் அந்தப் புத்தகம் இருந்தது, மாமா. அதே அட்டை. அவள் கோட்டில் வந்து நிற்கிறாள், ஓடுகிறாள், நான்காவது சுற்றில் விழுகிறாள். அதன்பிறகு ஊன்றுகோலோடு பூக்கடை வைக்கிறாள். தப்சுபெய் கிழித்திருந்தால் என் பிரதியில் அந்தப் பக்கங்கள் அவ்வளவு நேராக அறுந்திருக்காது.

எனக்குக் கோபமில்லை. கடைசிப் பக்கங்கள் இருந்திருந்தாலும் ஓடியிருப்பேன் என்று எழுதத்தான் நினைத்தேன், உங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று. அது உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை.

இனி ஓட்டத்தைப் பற்றிப் புத்தகம் வேண்டாம்.
ஜெபிவோட்


இட்டென்
28 டிசம்பர் 2006

என் ஜெபிவோட்டுக்கு,

நாங்கள் இருக்கிறோம். உன்னிடம் நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் பக்கங்களை நான்தான் ஸ்கேல் வைத்து, சவரக் கத்தியால் வெட்டினேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் அதையும் ஒரு கதையாக்கிவிடுவேன். விட்டுவிடுகிறேன்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நைரோபிக்குப் போனேன். அதே குமாஸ்தா. என்னை அடையாளம் தெரிந்து நாற்காலி போட்டான். முழுவதும் படித்தான். பிறகு, “அய்யா, எந்த நாட்டுக்காரங்கன்னு ஒரு பேரைச் சொல்லுங்க, நான் வழி சொல்றேன்” என்றான். கெட்டவன் இல்லை அவன். விசா குத்துவதற்கு ஒரு பாஸ்போர்ட் வேண்டும், பாஸ்போர்ட் கொடுக்க ஒரு நாடு வேண்டும். மறுபடி நம் குடியாக விண்ணப்பம் போட நீ இங்கே வந்து நிற்க வேண்டும். வந்து நிற்பதற்கு விசா வேண்டும். வாசல்வரை வந்து என்னைப் பேருந்தில் ஏற்றிவிட்டான். அவன் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

அக்காவிடம் இன்று காலை சொல்லிவிட்டேன். கொல்லையில் சோளம் உரித்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போல வரிசை நீளத்தில் ஆரம்பித்தேன்.

“டேய், நேராச் சொல்லு. சுத்தி வளைக்காத.”

நேராகச் சொன்னேன். எனக்குப் பழக்கமில்லை, அதனால் சீக்கிரம் முடிந்துவிட்டது. கால், பாஸ்போர்ட், துணி தேய்க்கும் அறை. அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. ஒரு கதிர் முழுவதும் முடித்தாள்.

“டிசம்பருக்கு வரமாட்டாளா?”

“டிசம்பர் முடியப்போகுதுக்கா.”

“அடுத்த டிசம்பர்?”

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த கதிரை எடுத்தாள். அதையும் உரித்துக்கொண்டே,

“அந்த வீட்டுக்காரங்களுக்குத்தான் தெரியாதே. அப்போ அவளுக்கு யாருடா சாப்பாடு போடுறது?” என்றாள்.

தெரியாது என்றேன். அப்படியென்றால் கேட்டு எழுதச் சொன்னாள். எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள், எழுதியாயிற்றா எழுதியாயிற்றா என்று.

எழுதிவிட்டேன். வேறெதற்கும் நீ பதில் போட வேண்டாம். அது ஒன்றை மட்டும் எழுது.

கிமோசோப்